பாகு பூத்துப்போவதும் கேக் அமுங்குவதும்: சர்க்கரை பற்றிச் சில ஐயங்கள்

கடுகும் கறிவேப்பிலையும் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டாண்டுகளாக வீட்டிலேயே கேக்கும் மிட்டாயும் செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்று வருகிறேன். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு ஏழெட்டுக் கேக்குகளும், பண்டிகை நாட்களில் நான்கைந்து கிலோ மிட்டாயும் போகும். சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு முறை பண்டம் கெட்டுவிட்டது. இரண்டிலும் எனக்குச் சந்தேகம் சர்க்கரையின் மேல்தான் என்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலில் கெட்டது கேரமல் மிட்டாய். 400 கிராம் சர்க்கரை, 250 மில்லி கிரீம், 60 கிராம் வெண்ணெய் என்பது என் அளவு. சர்க்கரையைச் சிறிது தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொதிக்கவைத்து, பிறகு மற்றவற்றைச் சேர்ப்பேன். முதல் தடவை செய்தபோது, பாட்டில் காலியாகட்டுமே என்று மிச்சமிருந்த மூன்று மேசைக்கரண்டித் தேனையும் அதில் ஊற்றியிருந்தேன். அந்த மிட்டாய் கண்ணாடிபோல் பளபளத்து, மெல்ல மெல்லக் கரைந்தது. இரண்டாம் முறை தேன் இல்லை. மற்றபடி அதே அளவு, அதே பாத்திரம், அதே அடுப்பு. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் கரண்டியைக் கீழே வைக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியதையும் வழித்து வழித்து உள்ளே தள்ளினேன். தட்டில் ஊற்றிய கால் மணி நேரத்தில் பாகின் மேற்பரப்பு மங்கத் தொடங்கியது. ஆறியபின் முழுவதும் பூத்துப்போய், வாயில் போட்டால் மணலைக் கடிப்பது போல் நறநறத்தது. ஆனால் அதே வாரத்தில் வெல்லப் பாகு வைத்துச் செய்த கடலை மிட்டாய் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது.

அடுத்தது வெண்ணெய்க் கேக். வழக்கமாகச் சர்க்கரையை மிக்ஸியில் மாவாகப் பொடித்து ஒன்றரைக் கோப்பை எடுப்பேன். அன்று மிக்ஸி பழுதுபார்க்கப் போயிருந்ததால், அதே ஒன்றரைக் கோப்பைக்குச் சர்க்கரையை அப்படியே போட்டு அடித்தேன். அடுப்பில் நன்றாக எழும்பிய கேக், வெந்து முடிவதற்குள் நடுவில் குழிவிழுந்து அமுங்கிவிட்டது. மேலே வெள்ளைப் புள்ளிகளும், ஓரத்தில் பிசுபிசுப்பான பட்டையும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. ஆங்கிலக் குறிப்புகளில் காஸ்டர் சுகர், ஐசிங் சுகர், பிரவுன் சுகர் என்றெல்லாம் கேட்கிறார்கள். பெரிய கடைகளில் இவை சாதாரணச் சர்க்கரையைப் போல மூன்று மடங்கு விலை. இவை உண்மையிலேயே வேறு பொருள்களா, ஒரே பொருளின் வேறு வேறு வேடங்களா? கொங்குப் பக்கத்தைச் சேர்ந்த என் மாமியார் இவை எல்லாவற்றையும் 'அஸ்கா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். திருநெல்வேலியில் என் அம்மாவுக்கு அது 'சீனி'. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தவர்கள் சொன்னால், வீட்டில் நடக்கும் ஒரு பழைய வழக்கும் தீரும்.

---

ஓய்வு ஆசிரியர்:

அம்மா, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. பாட்டில் காலியாகட்டும் என்று நீங்கள் ஊற்றிய அந்தத் தேன்தான் முதல் தடவை உங்களைக் காப்பாற்றியது. நான் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன். என் தகப்பனார் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடையில் பார்த்ததும் பாடத்தில் படித்ததும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையில் அதே தண்ணீர் 480 கிராமுக்கு மேல் தாங்கும். நாம் பாகு காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போவதால், உங்கள் கேரமலுக்குரிய 118 டிகிரியை எட்டும் தறுவாயில், வெறும் சர்க்கரைப் பாகானால் அதில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அந்தப் பாகு ஆறும்போது, தன்னால் தாங்க முடியாத அளவு சர்க்கரையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எங்கிருந்தாவது கரையாத ஒரு சர்க்கரைத் துகள் அதில் விழுந்தால் போதும். கரைந்திருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள் அதன்மேல் செங்கல் அடுக்குவதுபோல் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாம் 'பூத்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான். நீங்கள் ஓரத்தில் ஒட்டியதை வழித்து வழித்து உள்ளே தள்ளியது, வயலில் விதை தூவியதற்குச் சமம். ஓயாமல் கிளறியது அந்த விதைகள் முளைக்க வசதி செய்து கொடுத்தது.

தேன் ஏன் காப்பாற்றியது என்று பார்ப்போம். நாம் வாங்கும் சர்க்கரை சுக்ரோஸ் என்ற ஒரே பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் கைகோத்து நிற்பது. தேனில் இந்த இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கின்றன. அளவும் உருவமும் மாறுபட்ட இந்தத் துண்டுகள் இடையிடையே புகுந்துகொள்வதால், சுக்ரோஸ் மூலக்கூறுகளால் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. வெல்லத்திலும் சுக்ரோஸ் உடைந்து உண்டான இந்த எளிய சர்க்கரைகள் இயல்பாகவே கொஞ்சம் கலந்திருக்கும். உங்கள் கடலை மிட்டாய் பூக்காமல் வந்ததற்கு அதுதான் காரணம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வெல்லப் பாகில் செய்வதுதான்.

தேன் மணம் வேண்டாம் என்றால் பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் திரவ குளுக்கோஸ் வாங்கி, 400 கிராம் சர்க்கரைக்கு மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். பால் சேராத மிட்டாய்க்கு அதுவும் தேவையில்லை. சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியை உடைத்துவிடும். ஜாங்கிரிப் பாகில் நம் வீட்டுப் பெண்கள் எலுமிச்சை பிழிந்து வந்தது இதற்காகத்தான். கிரீமோடு இதைச் செய்யாதீர்கள், திரிந்துபோக இடம் உண்டு.

கைமுறையில் மாற்ற வேண்டியது எதுவென்றால், சர்க்கரை முழுவதும் கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் பாத்திரத்தை மூடி வையுங்கள். மூடியில் முட்டும் ஆவி நீராகி ஓரங்களில் வழிந்து, ஒட்டியிருக்கும் துகள்களைத் தானே கழுவிவிடும். கிரீமும் வெண்ணெயும் சேர்த்த பிறகு அடிப்பிடிக்காமல் இருக்க அடியை மட்டும் மெதுவாகத் தள்ளிக் கொடுக்கலாம். ஓரத்தைத் தொடவே கூடாது. தட்டில் ஊற்றும்போதும் பாத்திரத்தைச் சுரண்டி ஊற்றாதீர்கள். சுரண்டியதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தால் வீட்டில் யாராவது தின்றுவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூப்பது எல்லா இடத்திலும் குற்றமன்று. பாதுஷாவின் மேல் வெள்ளையாகப் படர்வதும், சீனி மிட்டாயின் மேல்தோலும் பூத்த பாகுதான். கற்கண்டு என்பது, அடர்ந்த பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் நாட்கணக்கில் பூக்க வைத்தது. அவசரமில்லாமல் வளர்வதால் படிகம் பெரிதாகிறது. இதற்கு நேர்மாறாக, மேல்நாட்டு ஃபட்ஜ் மிட்டாயில், பாகை அசைக்காமல் 45 அல்லது 50 டிகிரி வரை ஆறவிட்டு, பிறகு கை ஓயும்வரை அடிப்பார்கள். அப்போது ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் தோன்றுவதால் எதுவும் பெரிதாக வளர முடியாமல் போய், நாக்கில் நறநறப்பு இல்லாத ஒரு குழைவு கிடைக்கிறது. உங்கள் கேரமலில் நடந்தது இந்த இரண்டுமில்லாத நடுநிலைமை, அதனால்தான் மணல்.

பதம் பார்ப்பதற்கு வெப்பமானி இல்லையென்றாலும் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. விரலில் கம்பி இழுபடும் பதம் 106 முதல் 112 டிகிரி வரை. குளிர்ந்த தண்ணீரில் விட்ட பாகு மெத்தென்று உருளும் அதிரசப் பதம் 112 முதல் 116 வரை. உங்கள் கேரமல் இதற்குச் சற்று மேலே நிற்பது. கடலை உருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும், தண்ணீரில் விட்ட பாகை உருட்டித் தட்டில் எறிந்தால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். ஏறத்தாழ 150 டிகிரி. என் தகப்பனார் அந்த ஒலியைக் கேட்க அடுப்படியில் பேச்சை நிறுத்தச் சொல்வார். காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர் போல வழிந்து ஓடாது.

---

வெண்ணெய்த்தாழி:

கேக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக வீட்டில் பேக்கிங் செய்கிறேன்.

சகோதரி, உங்கள் கேக் அமுங்கியதற்கு முதல் காரணம் மிக்ஸி இல்லாதது அன்று, கோப்பை. மாவாகப் பொடித்த சர்க்கரை ஒரு கோப்பை ஏறத்தாழ 120 கிராம். பொடிக்காத சர்க்கரை ஒரு கோப்பை 200 கிராம். ஒன்றரைக் கோப்பைக்கு 180 கிராம் போட்டுக்கொண்டிருந்த நீங்கள், அன்றைக்கு உங்களை அறியாமலேயே 300 கிராம் போட்டிருக்கிறீர்கள். கேக் வேகும்போது முட்டையும் மாவில் உள்ள கஞ்சிச்சத்தும் இறுகித்தான் அதற்கு உடல் கொடுக்கின்றன. சர்க்கரை கூடக்கூட, இவை இறுகுவதற்கு வேண்டிய வெப்பநிலை மேலே போய்க்கொண்டே இருக்கும். காற்றும் ஆவியும் கேக்கைத் தூக்கி நிறுத்திவிட்டன, சுவர் இறுகவில்லை, கூரை விழுந்துவிட்டது. ஓரத்துப் பிசுபிசுப்பும் அந்தக் கூடுதல் 120 கிராமின் வேலைதான். ஐந்நூறு ரூபாய்க்குள் ஓர் எடைத் தராசு வாங்கிவிடுங்கள். வெண்ணெய் விற்கும் விலைக்கு இரண்டு கேக் கெடாமல் இருந்தாலே அந்தப் பணம் திரும்பிவிடும்.

மேலே தோன்றிய வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் சர்க்கரையின் பருமன். மளிகைக் கடைக்கு வரும் மூட்டையில் எம்-30, எஸ்-30 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து படிகத்தின் அளவையும் எண் நிறத்தையும் குறிக்கும். எம் நடுத்தரம், எஸ் சிறியது. எம் வகைப் படிகம் கேக் மாவில் உள்ள கொஞ்ச ஈரத்தில் முழுவதும் கரைவதில்லை. கரையாதது மேலே வந்து புள்ளியாக நிற்கிறது.

இங்கேதான் காஸ்டர் சுகர் வருகிறது. அது வேறு பொருள் அன்று, இதே சர்க்கரையின் நுண்ணிய படிகம், அவ்வளவுதான். தூவும் குப்பியை ஆங்கிலத்தில் காஸ்டர் என்பார்கள். அதன் துளைகளில் விழும் அளவுக்குப் பொடியாக இருந்ததால் அந்தப் பெயர். வெண்ணெயோடு சர்க்கரையை அடிக்கும்போது ஒவ்வொரு படிகத்தின் கூரிய முனையும் வெண்ணெய்க்குள் ஒரு சிறு காற்றுக் குமிழியை இழுத்துச் செல்கிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊத வைப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே எத்தனை குமிழிகளை அடித்து ஏற்றினோமோ அத்தனைதான் கேக்கின் மென்மை. பெரிய படிகம் குறைவான குமிழிகளையே தரும். நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் மாவாகவே பொடித்துவிட்டால், இழுத்துச் செல்ல முனையே இருக்காது. இரண்டுக்கும் நடுவே, ரவையைவிடச் சற்றுப் பொடியாக வேண்டும். மிக்ஸியை விட்டு விட்டு மூன்று நான்கு முறை திருப்பி, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளை ஐசிங்குக்கு எடுத்துக்கொண்டு, மேலே நின்றதைக் கேக்குக்குப் பயன்படுத்துங்கள். மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஐசிங் சுகர் என்பது மாவுச் சர்க்கரையோடு கட்டிதட்டாமல் இருக்கச் சிறிது சோளமாவு கலந்தது. வீட்டில் ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து அரைத்தால் போதும். அரைத்தவுடனே மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் புகை அடங்க ஒரு நிமிடம் ஆகும்.

பிரவுன் சுகர் சற்று வேறுபட்டது. இன்று விற்பனையாகும் பலவும் வெள்ளைச் சர்க்கரையின் மேல் கரும்புப்பாகை, அதாவது ஆலையில் பிரித்தெடுத்த மொலாசஸை, மீண்டும் பூசியவைதான். வெளிர்நிற வகையில் அது நூற்றுக்கு மூன்றரைப் பங்கும், கருநிற வகையில் ஆறரைப் பங்கும் இருக்கும். அதனால் ஈரமும் லேசான புளிப்பும் கூடுதல்; பிஸ்கட் மொறுமொறுப்பாக இல்லாமல் மெத்தென்று வரும். பிரித்துவிட்டுப் பூசுவதற்குப் பதில், பிரிக்காத நம் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போட்டால் வேலை முடிந்தது. அப்போது பேக்கிங் பவுடரில் கொஞ்சம் குறைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். வெல்லத்தின் புளிப்புக்கு அது ஈடுகொடுக்கும்.

ஆசிரியர் ஐயா சொன்னதோடு சிறிது சேர்க்க விரும்புகிறேன். கேரமல் மிட்டாயின் நிறம் சர்க்கரை கருகுவதால் மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். தனிச் சர்க்கரை நிறம் மாற 160 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நீங்கள் நிறுத்துவது 118இல். அந்தப் பழுப்பு, கிரீமில் உள்ள பால் புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வருவது. பால்கோவா சிவப்பதும் அப்படியே. ஆகவே நிறம் வரவில்லையே என்று பதத்தைத் தாண்டி விட்டுவிடாதீர்கள்.

---

நாட்டுமாடு:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று புரியவில்லை. வெள்ளைச் சர்க்கரை நஞ்சு. கேக்கிலும் மிட்டாயிலும் கருப்பட்டியைப் போட்டுவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

---

வெண்ணெய்த்தாழி:

ஐயா, கருப்பட்டிக் கேக்கை நானும் விரும்பிச் செய்பவள்தான், அந்த மணத்துக்காக. ஆனால் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி இருப்பது இதே சுக்ரோஸ்தான். கூடவே வரும் இரும்பும் மற்ற உப்புக்களும் ஒரு துண்டுக் கேக்கில் எவ்வளவு இருந்துவிடப் போகின்றன? இனிப்பைக் குறைப்பது ஒன்று, இனிப்பின் வகையை மாற்றுவது வேறொன்று. குறைக்க விரும்பினால் குறிப்பில் உள்ள அளவில் கால் பங்கு வரை குறைத்துப் பார்க்கலாம். கேக் சற்று வெளிறியும் சீக்கிரம் உலர்ந்தும் போகும், அவ்வளவுதான். சர்க்கரைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. மேலும், கிளறல் முறையும் பதமும் தவறினால் எதைப் போட்டாலும் தவறத்தான் செய்யும்.

---

சொல்வேட்டை:

பெயர் வழக்கைத் தீர்க்க வந்திருக்கிறேன். மாமியார், அம்மா இருவருமே சரி.

அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். 1936இல் ஒடிசா தனி மாகாணம் ஆகும்வரை கஞ்சம் சென்னை மாகாணத்தின் வடகோடியாக இருந்தது. அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த ஆலையின் வெள்ளைச் சர்க்கரை தெற்கே விற்பனைக்கு வந்தபோது, ஊரின் பெயரே சரக்கின் பெயராக ஒட்டிக்கொண்டது. 'அஸ்கா சர்க்கரை' என்பதில் பின்பாதி உதிர்ந்துபோயிற்று.

சீனி என்பது சீனம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கி.பி. 647இல் சீனப் பேரரசர் டாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆட்களை அனுப்பினார் என்று டாங் வம்ச வரலாற்றேடு சொல்கிறது. இங்கிருந்து போன வித்தை, பல நூற்றாண்டுகள் கழித்து, இன்னும் வெளுத்த சரக்காகச் சீன வணிகத்தின் பெயரோடு இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. வடக்கே கற்கண்டுக்கு வழங்கும் மிஸ்ரி என்ற பெயரும் எகிப்தைக் குறிக்கும் மிஸ்ர் என்பதிலிருந்து வந்தது. ஆக, வெளுத்த சர்க்கரை என்றாலே நம்மவர்களுக்கு அது வேற்றூர்ச் சரக்கு. சீனமோ எகிப்தோ அஸ்காவோ, வந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

சர்க்கரை என்ற சொல் மட்டும் உள்ளூரிலிருந்து உலகத்துக்குப் போனது. சரளைக் கல்லையும் குறிக்கும் 'சர்க்கரா' என்ற வடசொல்தான் அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பாவில் சுகர் ஆனது. துண்டு என்று பொருள்படும் 'கண்டம்' பாரசீகம், அரபி வழியே போய் ஆங்கிலத்தில் கேண்டி ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள கண்டும் அதே உறவுதான். இன்று நீங்கள் செய்யும் கேண்டியும் ஆசிரியர் ஐயா சொன்ன கற்கண்டும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

தமிழில் சர்க்கரை என்றால் முதலில் பழுப்புநிறச் சரக்குதான். சர்க்கரைப் பொங்கலில் இன்றும் நாம் வெல்லத்தைத்தான் போடுகிறோம். இலங்கைத் தமிழரிடம் சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தைத் தருவார்கள், வெள்ளையானது அவர்களுக்கும் சீனி. கரும்பு இங்கே எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூற்றின் 99ஆம் பாட்டு சான்று: அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் பாடுகிறார். வெள்ளைச் சர்க்கரை எல்லா அடுக்களைக்கும் மலிவாக வந்ததோ மிக அண்மையில். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் கரும்பை நாணல் இனத்தோடு கலந்து உருவாக்கி 1918இல் வெளியிட்ட கோ 205 போன்ற வகைகளும், 1932இல் உள்நாட்டு ஆலைகளுக்குக் கிடைத்த காப்பு வரியும் வரும்வரை, ஜாவாவிலிருந்து கப்பலில் வந்த சர்க்கரையே நம் சந்தையில் பெருமளவு விற்றது. கேக்கும் மேல்நாட்டு மிட்டாயும் மலிவானதன் பின்னணியில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம்மவர்களும் இருக்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் சென்றவர்கள் நேட்டாலின் தோட்டங்களுக்காக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள்தாம்.

இனி, ஒரே பொருளா, வேறு வேறா என்ற கேள்விக்கு வருகிறேன். கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையில் காய்ச்சினால் ஏறத்தாழ 118 டிகிரி வரை போய்ப் பழுப்பேறி வெல்லமாகிறது. எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1813இல், காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலத்தில் பாகைக் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பாகு பழுப்பேறாமல் பூக்கும். ஓய்வு ஆசிரியர் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதை ஆலைக்காரர்கள் வேண்டுமென்றே செய்து, பூத்த படிகத்தை வேகமாகச் சுழலும் சல்லடையில் சுற்றிக் கரும்பாகைப் பிரித்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள். கரும்பில் உள்ள அதே சர்க்கரை அந்தக் கிழங்கிலும் இருப்பதை 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் காட்டினார். கரும்போ கிழங்கோ, காஸ்டரோ ஐசிங்கோ, பொருள் ஒன்றுதான்.

---

மலையடுப்பு:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று மேலே படித்ததும், என் பழைய தோல்வி நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புதிதாக வெப்பமானி வாங்கிய ஆண்டில், குறிப்பில் 118 என்றிருந்ததை அப்படியே நம்பிக் காய்ச்சி, பல்லில் ஒட்டினால் பல்லையும் கொண்டுபோகும் அளவுக்கு முற்றிய கேரமலைச் செய்து, பள்ளி விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பாகு காட்டும் சூடு கரைசலின் அடர்த்தியைச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு கடல்மட்டத்தில் போட்டது. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100க்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவைக் குறிப்பில் உள்ள எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேரமல் 111இல் முடிந்துவிடும். சென்னையில் இருப்பவருக்கு இந்தக் கழித்தல் தேவையில்லை என்றாலும், மலிவான வெப்பமானிகள் இரண்டு மூன்று டிகிரி பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க இதே சோதனை உதவும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

---

கடுகும் கறிவேப்பிலையும்:

அனைவருக்கும் நன்றி. தராசு வாங்கிவிட்டேன். 180 கிராம் சர்க்கரையைத் திருத்திப் பொடித்துச் செய்த கேக், அமுங்கவில்லை. வழக்கமாக வருவதைவிட ஒரு விரல்கடை உயரமாகவே வந்தது. 'அஸ்கா' ஓர் ஊர் என்று சொன்னதும் மாமியார் நம்பவில்லை. வரைபடத்தில் காட்டிய பிறகு, அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் சீனி சீனாக்காரனுடையது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கேரமலில் மூடி போட்டு ஓரத்தைத் தொடாமல் செய்தேன். சிறிதும் பூக்கவில்லை. ஆனால் மூன்று கரண்டித் தேனே இவ்வளவு செய்கிறதென்றால் ஆறு கரண்டி இன்னும் நல்லதுதானே என்று ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் மிட்டாய் வியர்த்துப்போய், வெண்ணெய்த் தாளோடு ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. இங்கே மூன்று நாட்களாக மழை. இதற்கு என்ன செய்வது?

---

ஓய்வு ஆசிரியர்:

அம்மா, தேனில் உள்ள ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கு வேண்டிய மட்டும் ஈரம் கிடைக்கிறது. மூன்று கரண்டிக்குத் திரும்புங்கள், அல்லது இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் தேனை விட்டுவிட்டுத் திரவ குளுக்கோசுக்கு மாறுங்கள்; அது அவ்வளவு ஈரம் இழுக்காது. வெட்டிய உடனே ஒவ்வொன்றாகச் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும், தட்டில் பரப்பி வைத்து விருந்தாளிக்குக் காட்டக் கூடாது. இப்போது ஒட்டிக்கொண்டதை எறிய வேண்டாம். தாளோடு கால் மணி நேரம் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தால் உரிந்து வந்துவிடும். அதைத் துளிக் கிரீம் விட்டு மெல்லிய சூட்டில் இளக்கினால், அடுத்த கேக்கின் மேல் ஊற்ற ஆகும்.